கிளி எடுத்த சீட்டு

நவம்பர் 10, திங்கள்

முதலில் மன்னிக்கவும். இந்தப் புத்தகத்தில் ஒரு நாளைக்கு நான்கு கோடுகள்தான் போட்டிருக்கிறார்கள். மேலே ‘இன்று கற்றுக்கொண்டது’ என்று அச்சடித்திருக்கிறது. பயிற்சிக்குச் சேர்ந்த பட்டதாரிகள் எல்லாரும் தினமும் எழுத வேண்டும். கடைசியில் ஆலையின் தலைவர், பிளான்ட் ஹெட், பார்த்துக் கையெழுத்துப் போடுவார். போன வாரம் வரை நானும் நான்கு கோட்டுக்குள்தான் இருந்தேன். ‘வருகைப் பதிவேடு சரிபார்க்கக் கற்றுக்கொண்டேன்’ என்பது மாதிரி. இன்று, போன வருடம் பயிற்சி முடித்த அக்கா ஒருத்தி சொன்னாள்: “அதை யாரு படிக்கறா? கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிட்ருவாங்க.” கேட்டதும் ஒரு நிம்மதி. யாரும் படிக்காத இடத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதினால் யாருக்கும் தொந்தரவு இல்லை. நான் நேரில் அதிகம் பேசமாட்டேன். அதனால் ஓரங்களிலும் எழுதப் போகிறேன்.

எங்கள் ஆலை ஓசூரில் இருக்கிறது. வண்டிகளுக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக்கட்டாகத் தயாரிக்கிறோம். பன்னிரண்டு லைன்கள், அதாவது உற்பத்தி வரிசைகள்; முந்நூற்றுச் சொச்சம் பேர், முக்கால்வாசி பெண்கள். நான் மனிதவளப் பிரிவில் பயிற்சியில் இருக்கிறேன்.

இன்று தலைமை அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது. 20ஆம் தேதி ‘மகிழ்ச்சி நாள்’. அதிகாரிகள் எல்லாரும் மாறுவேடம் போட்டுத் தொழிலாளர்களோடு ஆடிப்பாட வேண்டுமாம். என் மேலதிகாரி ரெஜினா மேடம் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார். “சங்கவி, லைன்ல போய்க் கேளு. அதிகாரிங்க வேஷம் போட்டு உங்களோட ஜாலியா இருக்கலாமா, கூடாதா? எத்தனை சதவீதம் ஆதரவுன்னு எனக்கு வேணும்.”

என்னை ஆடச் சொல்லவில்லை. அதுவரை நல்லது.

நவம்பர் 11, செவ்வாய்

நான்காம் லைனில் ஆரம்பித்தேன். என் அறைத்தோழிகள் இருவரும் அங்கேதான் வேலை செய்கிறார்கள் என்பதால் பயம் குறைவு. சின்னவள் தெய்வானை; பெரியவள் செண்பகம் அக்கா. மூன்று பேரும் அரூர்ப் பக்கம்.

கேள்வியைப் படித்ததும் தெய்வானை வயரைக் கையில் பிடித்தபடியே சிரித்தாள். “புதுசா வேற போடணுமா? தினமும் போட்டுக்கிட்டுத்தானே வராங்க.”

“தெய்வானை, ஆமாவா இல்லையா?”

“ஆடட்டும்டி. ஆனா கை தட்டச் சொல்லி எங்கள முன் வரிசைல உக்கார வைக்கக் கூடாது. போன தடவ கை செவந்து போச்சு.”

எதிரே நின்ற ஒரு அக்கா சொன்னார்: “மரியாத போயிடும் பாப்பா. ஒரு அதிகாரி பொம்பள வேஷம் கட்டிட்டு, மறுநாள் வந்து ஏன் ரிஜெக்‌ஷன் ஏறுச்சுன்னு கேட்டா எனக்குச் சிரிப்பு வரும். அப்புறம் அதுக்கும் திட்டுவாரு.”

இன்னொருவர்: “நம்மளோட சாப்பிட்டா போதும். நம்ம சாம்பாரையே.”

லைன் லீடர் தமிழரசன் அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “நான் ஆதரவுன்னு போட்டுக்கோம்மா. எதுக்குன்னு கேக்காத” என்றார்.

செண்பகம் அக்கா தலையைத் தூக்கவில்லை. கனெக்டரில் வயரைச் சொருகிக்கொண்டே கேட்டாள்: “அன்னிக்கி ஆடற நேரத்த எப்ப ஈடு கட்டச் சொல்லுவாங்க?”

அந்தக் கேள்விக்குத் தாளில் கட்டம் இல்லை.

நவம்பர் 12, புதன்

தொண்ணூறு சதவீதம் ஆதரவு என்று எழுதிக் கொடுத்தேன். மேடம் கேட்ட வடிவத்தில் வந்துவிட்டது. நல்லவேளை, தாள்களைத் திரும்பக் கேட்கவில்லை.

நவம்பர் 13, வியாழன்

அறிவிப்பு தட்டச்சு செய்யக் கற்றுக்கொண்டேன். மேடம் சொல்லச் சொல்ல அடித்தேன். ‘20.11 வியாழன் பிற்பகல் ஒன்றரை முதல் நான்கு வரை மகிழ்ச்சி நாள் கொண்டாடப்படும். இதற்கு ஈடாக 23.11 ஞாயிறு முழு ஷிப்ட் வேலை நாளாகும்.’

இரண்டாவது வரியை அடிக்கும்போது கை ஒரு நொடி நின்றது. கொண்டாட்டம் இரண்டரை மணி நேரம். ஷிப்ட் எட்டு மணி நேரம். ஏதாவது கணக்கு இருக்கும், மேடத்துக்குத் தெரியாமலா என்று நினைத்துக்கொண்டேன். பிளான்ட் ஹெட் வேதமூர்த்தி சார் ஏழெட்டுத் தாள்களோடு சேர்த்து அதிலும் கையெழுத்துப் போட்டார். இன்றைக்கு அவருக்கு வாடிக்கையாளர் கூட்டம்.

எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை என்று மேடம் பாராட்டினார்.

நவம்பர் 14, வெள்ளி

அறிவிப்புப் பலகை முன்னால் செண்பகம் அக்கா நின்றிருந்தாள். ஒரு தடவை படித்தால் போதும், அவள் மூன்று நான்கு தடவை படித்தாள்.

அவளுடைய மகள் யாழினிக்கு நான்கு வயது. அரூரில் அக்காவின் தங்கையிடம் வளர்கிறாள். மாதத்தில் நான்காவது ஞாயிறு அக்கா ஊருக்குப் போவாள். போன மாதம் அவசர உற்பத்தி என்று அந்த ஞாயிறும் போய்விட்டது. அதிலிருந்து குழந்தை போனில் பேச மாட்டேன் என்கிறாள். நேற்று தங்கை போனைக் காதில் வைத்ததும், “அது யாரு?” என்றாளாம். தங்கையை அம்மா என்று கூப்பிடப் பழகிவிட்டாள்.

சாயங்காலம் அறையில் அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: “இந்த ஞாயிறும் போகலன்னா அவ என்னை மறந்துடுவா, சங்கவி. சின்னப் புள்ளைங்களுக்கு ரெண்டு மாசம்னா ரொம்ப நாள்.”

“லீவு கேட்டுப் பாருக்கா” என்றேன்.

“ஈடு கட்டற காம்பன்சேஷன் அன்னிக்கி லீவு போட்டா மூணு மாச வருகை ஊக்கத்தொகை போயிடும். நீதானே அந்தப் பிரிவுல இருக்க, உனக்குத் தெரியாதா?”

தெய்வானை சொன்னாள்: “இந்த நோட்டீஸ எந்த மகராசி அடிச்சாளோ, ஒரு தப்புகூட இல்ல.”

எனக்குத் தலைவலி என்று சீக்கிரமே படுத்துக்கொண்டேன்.

நவம்பர் 17, திங்கள்

அதிகாரிகளுக்கு வேஷம் முடிவு செய்யச் சீட்டுக் குலுக்கினோம். நிதி மேலாளருக்குப் போலீஸ்காரர். ரெஜினா மேடத்துக்கு மகாராணி (அந்தச் சீட்டை மேடமே எழுதினார், மேடமே எடுத்தார்). வேதமூர்த்தி சார் எடுத்துப் பிரித்துப் பார்த்துவிட்டு, மறுபடி மடித்து வைத்தார். அவருக்கு வந்தது கிளி ஜோசியர்.

“கிளிக்கு எங்க போறது?” என்றார் மெதுவாக.

மேடம் என்னைப் பார்த்தார். “சங்கவி இருக்காளே. பேசவே வேண்டாம். கூண்டிலிருந்து வந்து சீட்டை எடுத்துக் குடுத்துட்டுத் திரும்பப் போகணும். அவ்வளவுதான்.”

பயமாகத்தான் இருந்தது. ஆனால் அலகு மாட்டிக்கொள்ளலாம் என்றார்கள். சிவப்பு அட்டையில் பெரிய அலகு. முகம் தெரியாது. அதைக் கேட்டதும் மூச்சு வந்தது.

நவம்பர் 18, செவ்வாய்

வேதமூர்த்தி சார் அறைக்குக் கூப்பிட்டார். அவரைப் பார்த்து ஆலையே பயப்படும். குரலை உயர்த்த மாட்டார், அதுதான் பயம். இன்று மேசையில் இருந்த பேனாக்களை ஒரே வரிசையில் அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். நேர்முகத் தேர்வு அன்று வரவேற்பறையில் நான் பத்திரிகைகளை அப்படித்தான் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“உட்காரும்மா. கிளி ஜோசியர் என்ன பேசுவார்? நான் ஒரு தடவகூடப் பார்த்ததில்லை.”

எங்கள் ஊர்ச் சந்தையில் பார்த்ததைச் சொன்னேன். பெயரும் ராசியும் கேட்பார். கிளியைக் கொஞ்சிக் கூப்பிடுவார். கிளி எடுக்கும் சீட்டை ராகம் போட்டுப் படிப்பார். சார் ஒரு தாளில் குறித்துக்கொண்டார், ஒன்று, இரண்டு என்று எண் போட்டு.

“சீட்டுல எழுதியிருக்கறத மட்டும் படிச்சா போதுமா?”

“போதும் சார்.”

“அப்ப நீயே எழுதிடு. எல்லாம் நல்லதா இருக்கட்டும்.” பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார். “அவங்க என்னைப் பார்த்துச் சிரிச்சுட்டா, மறுநாள் நான் கேள்வி கேட்டா ஒழுங்கா பதில் சொல்வாங்களாம்மா?”

தண்ணீர் குடித்துவிட்டு, “தெரியல சார்” என்றேன். சொல்ல நினைத்தது இது: இப்போதும் அவர்கள் ஒழுங்கான பதில் சொல்வதில்லை. நீங்கள் லைனுக்கு வரும் நாளில் என்ன சொல்ல வேண்டும் என்று முந்தின நாளே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்.

வெளியே வந்ததும் நிம்மதி. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

நவம்பர் 19, புதன்

இருபத்தேழு சீட்டுகளை எழுதி முடித்தேன். ‘உழைப்புக்குப் பலன் உண்டு.’ ‘வீட்டில் சுபகாரியம் கூடும்.’ ‘பொறுமை வெற்றி தரும்.’ மேடம் எல்லாவற்றையும் படித்து, சரி என்றார். பயணம் பற்றி ஒன்றே ஒன்றுதான். அதுவும் சரி என்றுதான் சொன்னார்.

நவம்பர் 20, வியாழன்

இன்றைக்கு நான்கு கோடுகள் போதாது.

கேன்டீன் பக்கத்துத் திடலில் ஒரு பெரிய கறுப்புக் குடை, கீழே பாய். வேதமூர்த்தி சார் வேட்டி, ஜிப்பா, மஞ்சள் தலைப்பாகை, வரைந்த மீசையோடு வந்தபோது முதலில் யாரும் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, “குட் ஆப்டர்நூன் சார்” என்றார்கள். அவர் தாளை எடுத்துப் பார்த்தார். அடுத்து அவர் செய்தது எனக்கே ஆச்சரியம். தாளை மடித்து ஜிப்பாவுக்குள் வைத்தார். மைக்கைப் பிடித்து, சந்தையில் கூவுகிற மாதிரி கூவினார்: “வாங்க தாயி, வாங்க! காசு வேணாம், கவலை மட்டும் குடுத்தா போதும்!”

தெய்வானைதான் முதலில் போய் உட்கார்ந்தாள். “சாமி, எனக்கு எப்ப கல்யாணம்?”

நான் கூண்டிலிருந்து தத்தித் தத்தி வந்து ஒரு சீட்டை எடுத்தேன். சார் படித்தார். “வீட்டில் சுபகாரியம் கூடும். மாப்பிள்ளை ஸ்டோர்ஸ்ல இருக்கான் தாயி. இண்டென்ட் போட்டாதான் கிடைப்பான்.”

ஸ்டோர்ஸில் ஒரு திருகாணி வாங்கக்கூட இண்டென்ட் என்ற கோரிக்கைச் சீட்டு போட வேண்டும்; திடலே அதிர்ந்தது. ஸ்டோர்ஸ் பையன்கள் விசில் அடித்தார்கள். அதன் பிறகு வரிசை நீண்டது. தமிழரசன் அண்ணன், “ஆறு வருஷமா லைன் லீடராவே இருக்கேன் சாமி” என்றார். ‘பொறுமை வெற்றி தரும்’ வந்தது. சாருக்கே சிரிப்பு தாங்கவில்லை; மீசை ஒரு பக்கம் கலைந்தது. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அவரிடம் யாரும் இப்படிப் பேசியும் பார்த்ததில்லை.

அப்புறம் செண்பகம் அக்கா வந்து உட்கார்ந்தாள்.

“பேரு, ராசி சொல்லு தாயி.”

“பேரு செண்பகம். ராசி தெரியாது சாமி. வர ஞாயித்துக்கிழம எம்பொண்ணப் பாக்க ஊருக்குப் போவேனா, மாட்டேனா?”

“போறதுக்கு யாரு தடை?”

பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்: “காம்பன்சேஷன் சாமி!” எல்லாரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. சார் அவள் முகத்தைப் பார்த்தார். ஞாயிறு வேலை என்று அவர் கையெழுத்துப் போட்டது அவருக்கே ஞாபகம் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

“கிளியம்மா, வா. நல்ல சீட்டா எடு.”

அலகு கண்ணை மறைத்தது. கைக்கு வந்ததை எடுத்தேன்.

சார் படித்தார்: “மனதில் நினைத்த பயணம் தடையின்றி நடக்கும்.” பிறகு தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, மைக்கை வாயருகே கொண்டுபோய்ச் சொன்னார். “உனக்கு மட்டும் இல்ல தாயி. இந்த ஞாயிறு எல்லாருக்கும் பயணம் உண்டு. இது ஜோசியன் வாக்கு!”

அந்தக் கைதட்டலுக்கு யாரும் யாரையும் முன் வரிசையில் உட்கார வைக்கவில்லை.

பின்குறிப்பு: அந்தச் சீட்டின் ஓரம் மட்டும் மடங்கியிருந்தது என்கிறாள் தெய்வானை. நான் கவனிக்கவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

காலையில் ரெஜினா மேடம் முகத்தில் மகாராணி மிச்சமில்லை.

நடந்தது இதுதான். எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. மைக்கில் பிளான்ட் ஹெட் எது சொன்னாலும் அந்த ஷிப்ட் முடிவதற்குள் ஒவ்வொரு லைன் லீடரும் தகவல் பதிவேட்டில் எழுதி, தன் லைனில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். நேற்று தமிழரசன் அண்ணன் எழுதிவிட்டார்: ‘மாலை 3.40. பிளான்ட் ஹெட் அறிவிப்பு. ஞாயிறு வேலை இல்லை.’ அவரைப் பார்த்து மற்ற பதினொரு லைன் லீடர்களும் எழுதிவிட்டார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துகள். பதிவேட்டில் பக்க எண் உண்டு. அடிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. டிசம்பரில் வாடிக்கையாளர் தணிக்கை; அப்போது இதையும் புரட்டிப் பார்ப்பார்கள்.

“அது விளையாட்டுன்னு உங்களுக்குத் தெரியாதா தமிழரசன்?”

“மைக்ல சொன்னா எழுதணும்னு நீங்கதானே மேடம் ட்ரெயினிங் குடுத்தீங்க. தலைப்பாகை கட்டியிருந்தா எழுதக் கூடாதுன்னு சொல்லலையே.”

மேடம் என் பக்கம் திரும்பினார். “நீ அந்தச் சீட்டை வேணும்னேதான் எடுத்தியா?”

“கிளி வேஷத்துல இருந்தேன் மேடம்” என்றேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும்.

சார் பெங்களூர் போயிருக்கிறார். நாளைதான் முடிவு. செண்பகம் அக்கா பையில் துணியை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். குழந்தைக்கு வாங்கிய கவுனை மட்டும் வெளியே எடுக்கவில்லை.

நவம்பர் 22, சனி

பத்து மணிக்குச் சார் எல்லா லைன் லீடர்களையும் கூப்பிட்டார். மேடமும் நானும் சுவர் ஓரம் நின்றோம். இன்று மீசை இல்லை, பழைய சார். பதிவேட்டை நிதானமாகப் படித்தார். அப்புறம் அறிவிப்புப் பலகையிலிருந்து எடுத்துவரச் சொன்ன தாளைப் படித்தார்.

“ரெண்டரை மணி நேரம் ஆடினதுக்கு எட்டு மணி நேர வேலையா? இதுல கையெழுத்து யாரோடது?”

“உங்களோடது சார்” என்றார் மேடம் மெல்ல.

“ம். டெஸ்பாட்ச்ல அனுப்ப வேண்டிய பாக்கி ஏதாவது இருக்கா?”

“எதுவும் இல்ல சார்” என்றார் தமிழரசன் அண்ணன். “அந்த ரெண்டரை மணி நேரத்த வேணும்னா தினமும் கால் மணி நேரம் முன்னாடி வந்து பத்து நாள்ல முடிச்சிடுவோம். கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்போம்.”

சார் பேனாவை எடுத்தார்.

“ஜோசியர் சொன்னத நான் எப்படி மறுக்கறது? இந்த ஆலைல அவருக்குத்தான் பேரு ஜாஸ்தி.” பதிவேட்டில் அந்த வரிக்குக் கீழே எழுதினார்: ‘சரி. ஞாயிறு விடுமுறை.’ கையெழுத்துப் போட்டார்.

லைன் லீடர்கள் வெளியே போனதும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு லைனாகப் போய், கடைசியில் நான்காம் லைனில் தெய்வானையின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே. நான் சுவரில் சாய்ந்து நின்றேன்.

கிளம்பும்போது சார் கேட்டார்: “சங்கவி, கிளிக்கு அலகு போட்டாலும் கண்ணு நல்லாத் தெரியுமோ?” பதிலுக்குக் காத்திருக்கவில்லை. “திங்கட்கிழமை உன் பயிற்சிப் புத்தகத்தைக் குடு. நான் எல்லாருடையதையும் முழுசா படிப்பேன்.”

முழுசாக!

இந்தப் புத்தகத்துக்கும் பக்க எண் போட்டிருக்கிறார்கள்.

நவம்பர் 23, ஞாயிறு

அக்கா விடியற்காலை 5.10 பஸ்ஸில் போனாள். துணி துவைத்தேன். மதியம் போன் வந்தது. யாழினி முதலில் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாளாம். கவுனைக் காட்டியும் வரவில்லையாம். அக்கா சும்மா உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தபோது, அவளே வந்து மடியில் உட்கார்ந்து, “எனக்கும் பின்னு” என்றாளாம். அக்கா இதைச் சொல்லும்போது பின்னால் குழந்தையின் குரல் கேட்டது. தெய்வானையும் நானும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

நவம்பர் 24, திங்கள்

சார், இந்தப் பக்கம் உங்களுக்கென்றே எழுதுகிறேன். இதற்கு முன்னால் உள்ளதை எல்லாம் படித்திருப்பீர்கள். கிழிக்கலாமா என்று ஒரு இரவு யோசித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். முதல் பட்டதாரிச் சான்றிதழை அம்மா சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். இந்த வேலை போய்விட்டால் என்ன சொல்வது என்ற பயம் இருந்தது. ஆனால் ஞாயிறு சாயங்காலம் அக்கா திரும்பி வந்த முகத்தைப் பார்த்தபின் கிழிக்க மனம் வரவில்லை.

தொண்ணூறு சதவீதம் என்றது பொய். எட்டு மணி நேரம் என்று அடித்தபோதே எனக்குத் தெரிந்தது, வாயைத் திறக்கவில்லை. அது ரெஜினா மேடத்தின் தவறு மட்டும் இல்லை. சீட்டின் ஓரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, அதனால் நானும் எழுதவில்லை.

அதிகாரிகள் வேஷம் போடலாமா என்ற கேள்விக்கு இப்போது சரியான பதில் எழுத முடியும். போடலாம். உங்கள் மரியாதை குறையவில்லை சார். இன்று காலை நீங்கள் லைனுக்கு வந்தபோது தெய்வானை சிரித்தாள்தான். ஆனால் சிரித்துக்கொண்டே, ஏழாம் எண் கனெக்டர் பெட்டியில் பாதி பழுது என்று சொன்னாளே, அதை மூன்று வாரமாக யாருமே உங்களிடம் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று. செண்பகம் அக்கா உங்களிடம் ஐந்து வருடமாக வேலை செய்கிறாள். ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டது ஜோசியரிடம்தான். ஜோசியர் வருடத்துக்கு ஒரு முறைதான் வருவார்.

இதுவரை எழுதியதெல்லாம், இதைக் கேட்கத் தைரியம் வருவதற்காகத்தான். பொங்கல் விடுமுறைக்கு ஈடாக மூன்று ஞாயிறு வேலை என்று ஒரு தாள் என் மேசைக்கு வந்திருக்கிறது. இன்று சாயங்காலத்துக்குள் அடித்து உங்கள் கையெழுத்துக்கு அனுப்ப வேண்டும். நான் இன்னும் அடிக்கவில்லை; அந்தத் தாளை இந்தப் பக்கத்துக்குள்ளேயே வைத்திருக்கிறேன். நாளைக் காலை பத்து மணி டீ நேரத்தில் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நான்காம் லைனுக்கு வாருங்கள் சார். தலைப்பாகை வேண்டாம், மைக் வேண்டாம், உங்கள் சட்டையிலேயே வாருங்கள். செண்பகம் அக்கா பக்கத்தில் ஒரு ஸ்டூல் காலியாக இருக்கும். அதில் உட்கார்ந்து, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், எந்த ஞாயிறு வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள்.